ஓலிகன் தம்பதி குடிவந்த வீடு: டச்சு உருவப்படப் பிரதிகள் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

நெதர்லாந்தின் லைடன் நகரில், 1960களில் கட்டிய வரிசை வீடு ஒன்று. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வீட்டை வாங்கிப் பூச்சு வேலையெல்லாம் முடித்த பிறகு, ஹாலில் ஐந்து மீட்டர் நீளச் சுவர் வெறுமையாக நின்றது. அதில் 17ஆம் நூற்றாண்டு டச்சு உருவப்படங்களின் பிரதிகளை மாட்ட வேண்டும் என்று இருவருக்கும் ஆசை. ஓவியப் பிரதிகளை அச்சிட்டுப் பிரேம் போடுவது என் தொழில். ஆனால் என்னிடம் வருவதற்கு முன்பே இணையத்தில் ஒரு நிறுவனத்திடம் ஆர்டர் கொடுத்து, வந்த சரக்கைப் பார்த்து மனம் நொந்துபோயிருந்தார்கள். பெயர் எதற்கு, அந்த மாதிரி நிறுவனங்கள் டஜன் கணக்கில் இருக்கின்றன.

அவர்கள் வாங்கியிருந்தது நான்கு படம். ரெம்பிராண்ட் 1634இல் வரைந்த மார்ட்டன் சோல்மன்ஸ், ஓப்யென் கோப்பிட் தம்பதியின் முழு உருவப்படங்கள் இரண்டு. வெர்மீரின் முத்துத் தோடு அணிந்த பெண். யோஹன்னஸ் வெர்ஸ்ப்ரோங்க் 1641இல் வரைந்த நீல உடைச் சிறுமி. நான்கையும் கேன்வாஸில், 50க்கு 70 சென்டிமீட்டர் என்ற ஒரே அளவில் அச்சடித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். சோபாவின் மேல் ஒரே வரிசையில் மாட்டியிருந்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் பெரிய மோசமில்லை. சேர்த்துப் பார்த்தால் ஏதோ விடுதியின் வரவேற்பறை போல இருந்தது. என்ன தப்பு என்று அவர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. "படம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இங்கே உட்காரவே மாட்டேங்குது" என்றார் மனைவி.

என் கண்ணில் முதலில் பட்டது அளவு. வெர்மீரின் பெண் அசலில் 44.5க்கு 39 சென்டிமீட்டர்தான், அதாவது கைக்குள் அடங்குகிற படம். மார்ட்டனும் ஓப்யெனும் இரண்டு மீட்டருக்கு மேல் உயரமும் 1.3 மீட்டர் அகலமும் கொண்டவர்கள், ஆள் உயரத்தில் நிற்பவர்கள். வெர்ஸ்ப்ரோங்கின் சிறுமி 82க்கு 66.5. அந்த நான்கு கேன்வாஸிலும் சின்னவள் வீங்கியிருந்தாள், பெரியவர்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தார்கள். மார்ட்டனின் முகம் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. அவர் காலணியில் பூவாக விரிந்திருக்கும் பெரிய லேஸ் குஞ்சம், ரெம்பிராண்ட் அந்த வயதில் தன் கைவரிசையைக் காட்டிய இடம், ஒரு வெள்ளைத் தீற்றலாகத் தெரிந்தது.

கைபேசித் திரையில் எல்லாப் படமும் ஒரே அளவுதான். அங்கே பார்த்துத் தேர்ந்தெடுக்கும்போது இது சின்னது, அது பெரியது என்று மனதில் பதிவதே இல்லை. உருவப்படத்தில் இந்த இழப்பு நிலக்காட்சிப் படத்தைவிடக் கூடுதலாக உறைக்கும், ஏனென்றால் மனித முகம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் அத்துப்படி. ஆள் முகத்தைவிடக் கொஞ்சம் சிறிதாக இருந்தால், சற்றுத் தள்ளி நிற்கும் ஒருவராகக் கண் ஏற்றுக்கொள்கிறது. அதைவிடப் பெரிதானால் விளம்பரப் பலகை ஆகிவிடுகிறது. ஆகவே இந்த வேலையில் நான் வைத்துக்கொண்ட முதல் நிபந்தனை: எந்தப் படத்தை எடுத்தாலும் அசல் அளவில்தான் அச்சிடுவோம். சுவர் தாங்காது என்றால் படத்தை மாற்றுவோம், அளவை மாற்ற வேண்டாம்.

படம் எங்கிருந்து வருகிறது

இந்த ஆசையே பதினைந்து இருபது வருடத்துக்கு முன்னால் இவ்வளவு சுலபம் இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ்மியூசியத்துக்கு ஒரு வினோதப் பிரச்சினை இருந்தது. வெர்மீரின் பால் ஊற்றும் பெண்ணின் படம் இணையத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் சுற்றிக்கொண்டிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை மஞ்சள் பூத்த, தரம் கெட்ட நகல்கள். அவற்றைப் பார்த்துப் பழகிய மக்கள் அருங்காட்சியகக் கடையில் சரியான நிறத்தில் இருந்த அஞ்சலட்டையைப் பார்த்து, இது அசலைப்போல இல்லையே என்று நம்ப மறுத்தார்கள். 2011இல் ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் சேகரிப்புகளை இணையத்தில் திரட்டித் தரும் ஐரோப்பியானா வெளியிட்ட ஓர் அறிக்கை இந்த மஞ்சள் பால்காரியையே தலைப்பில் வைத்து, நல்ல படத்தைத் திறந்து விடுவதுதான் கெட்ட படத்துக்கு மாற்று என்று வாதிட்டது.

ரைக்ஸ்மியூசியம் அப்படியே செய்தது. 2012 அக்டோபரில் ரைக்ஸ்ஸ்டூடியோ என்ற பெயரில் 1,25,000 படைப்புகளின் உயர் தெளிவுப் படங்களை இலவசமாக வெளியிட்டது. பத்து வருடப் புதுப்பிப்புக்குப் பிறகு 2013 ஏப்ரலில் கட்டடம் திறந்தபோது, இணையத்தில் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. அப்போது சேகரிப்புகளுக்குப் பொறுப்பாளராக இருந்த டாக்கோ டிபிட்ஸ், கழிப்பறைக் காகிதத்தில் வெர்மீரை அச்சடிக்கத்தான் ஆசை என்றால் அதுவும் நல்ல படத்திலிருந்து அச்சாகட்டும் என்கிற பொருளில் ஒரு பேட்டியில் சொன்னார். தி ஹேக் நகரின் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகமும் தன் பழைய ஓவியங்களின் படங்களைத் தாராளமாகத் தருகிறது.

சட்டத்திலும் இப்போது சிக்கல் இல்லை. ஓவியர்கள் இறந்து முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓவியத்தை அப்படியே எடுத்த புகைப்படத்துக்குத் தனி உரிமை கோரும் பழக்கம் சில நிறுவனங்களிடம் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019ஆம் வருட பதிப்புரிமை வழிகாட்டு ஆணையின் 14ஆம் பிரிவு அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: பொதுவுடைமையாகிவிட்ட ஓவியத்தின் நேர் நகலில், எடுத்தவரின் சொந்தப் படைப்பு எதுவும் சேரவில்லை என்றால் புது உரிமை பிறக்காது.

ஆக மூலப்படம் இலவசம், தரமானது, சட்டப்படி சுத்தமானது. அந்த இணைய நிறுவனமும் பெரும்பாலும் இதே கோப்புகளைத்தான் எடுத்திருக்கும். கெட்டுப்போனதெல்லாம் அதற்குப் பிறகு.

"நகலை மாட்டினால் போலியாக இருக்காதா?"

கணவருக்கு இந்த உறுத்தல் இருந்தது. அசல் முக்கால் மணிப் பயணத்தில் இருக்கும்போது நகலை வீட்டில் வைப்பது அசட்டுத்தனமாகப் படாதா என்று கேட்டார்.

டச்சு உருவப்படத்தின் வரலாறே இதற்குப் பதில் வைத்திருக்கிறது. டெல்ஃப்ட் நகரில் மீகீல் வான் மீரெவெல்ட் என்றொரு உருவப்பட ஓவியர் இருந்தார், 1641இல் இறந்தவர். ஆரஞ்சு வம்சத்து இளவரசர் மௌரிட்ஸின் முகத்தை ஒரு தடவை உட்காரவைத்து வரைந்ததும், அவருடைய பட்டறை அதே முகத்தை மறுபடி மறுபடி பிரதியெடுத்து விற்றது. நகராட்சிகள் வாங்கின, அதிகாரிகள் வாங்கினார்கள், வசதி உள்ள வீடுகளும் வாங்கின. உதவியாளர்கள் உடம்பை வரைய, குருநாதர் முகத்தில் மட்டும் கை வைத்த பிரதிகளும் உண்டு. அவ்வளவு காசு கொடுக்க முடியாதவர்களுக்கு அவர் மருமகன் வில்லெம் டெல்ஃப் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்கள் இருந்தன. குடும்பங்களிலும் இதே வழக்கம்தான். அப்பா அம்மா படம் மூத்தவன் வீட்டுக்குப் போனால், மற்ற பிள்ளைகள் ஆளுக்கொரு பிரதி வரையச் சொல்லி வாங்கிக்கொள்வார்கள். இறந்தவரின் வீட்டுச் சாமானை நோட்டரி கணக்கெடுக்கும்போது எது அசல், எது நகல் என்று பிரித்து எழுதினார். நகல் என்பதற்காக யாரும் முகம் சுளித்ததாகத் தெரியவில்லை. 1640இல் ஆம்ஸ்டர்டாம் வந்த ஆங்கிலப் பயணி பீட்டர் முண்டி, கசாப்புக்காரர், ரொட்டிக்காரர் கடைகளில்கூடப் படம் தொங்குவதாகவும், கொல்லர் உலைக்களத்திலும் ஒன்று இருக்கும் என்றும் வியந்து எழுதினார். அத்தனை சுவருக்கும் அசல் எங்கே போகும்?

இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்' ஒரு குழு உருவப்படம்தான். 1715இல் அதை ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்துக்குக் கொண்டுபோனபோது, ஒதுக்கிய சுவரில் அடங்கவில்லை என்று நாலு பக்கமும் நறுக்கிவிட்டார்கள். நறுக்கிய துண்டுகள் போன இடம் தெரியாது. ஆனால் அதற்கு முன்பே ஹெரிட் லுண்டன்ஸ் என்பவர் முழுப் படத்தையும் பார்த்து ஒரு சிறிய பிரதி வரைந்து வைத்திருந்தார். 2021இல் ரைக்ஸ்மியூசியம் காணாமல் போன ஓரங்களைக் கணினி உதவியுடன் மீட்டு அச்சிட்டு, அசலின் பக்கத்தில் கொஞ்ச காலம் பொருத்திக் காட்டியபோது, ஆதாரமாக இருந்தது அந்தச் சிறிய பிரதி. அசலுக்கு ஆனதையெல்லாம் நகல்தான் ஞாபகம் வைத்திருந்தது. அதன் பிறகு அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

யாரைக் கூட்டி வருவது

மார்ட்டனையும் ஓப்யெனையும் விடுவதற்கு அவர்களுக்கு மனம் வரவில்லை. அந்த ஜோடி 2016இல் பெரிய செய்தி. 1877 முதல் ரோத்ஸ்சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்திடம் இருந்ததை, நெதர்லாந்தும் பிரான்ஸும் ஆளுக்குப் பாதி போட்டு 16 கோடி யூரோவுக்கு வாங்கின. பாரிஸிலும் ஆம்ஸ்டர்டாமிலும் மாறி மாறி வைக்கலாம், ஆனால் இருவரையும் பிரிக்கக் கூடாது என்று ஒப்பந்தம். லைடன்காரர்களுக்கு ஒரு சொந்தப் பெருமையும் உண்டு, மார்ட்டன் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர்.

அசல் அளவு என்ற நிபந்தனையில் இவர்கள் அடிபட்டார்கள். கூரை உயரம் 2.6 மீட்டர். 2.1 மீட்டர் படத்துக்குப் பிரேமும் போட்டால் தரையிலிருந்து கூரைவரை கறுப்பு உடை போட்ட இரண்டு ஆட்கள் நிற்பார்கள், மற்றவர்களுக்கு ஹாலில் மூச்சு முட்டும். இடுப்புக்கு மேல் மட்டும் வெட்டி அச்சிடலாமா என்று கேட்டார்கள். தாராளமாகச் செய்யலாம், 'இரவுக் காவலை'யே வெட்டியவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மார்ட்டன் ஒரு கையுறையை மனைவி பக்கம் நீட்டிக்கொண்டு நிற்பதும், ஓப்யென் படியில் இறங்கி வருவதும்தான் அந்த ஜோடியின் உயிர். இடுப்போடு வெட்டினால் அது போய்விடும்.

மனைவிக்கு வேறு தயக்கம் இருந்தது. 2021இல் ரைக்ஸ்மியூசியம் அடிமை முறை பற்றி நடத்திய கண்காட்சியில் ஓப்யெனின் கதையும் இருந்தது. சோல்மன்ஸ் குடும்பத்துக்கு ஆம்ஸ்டர்டாமில் சர்க்கரை ஆலை. அந்தக் காலச் சர்க்கரை பிரேசில் தோட்டங்களில் அடிமைகளின் உழைப்பில் வந்தது. மார்ட்டன் இறந்த பின் ஓப்யென் மணந்த இரண்டாம் கணவர், அதற்கு முன் பிரேசிலில் ஃபிரான்சிஸ்கா என்ற ஆப்பிரிக்கப் பெண்ணை அடைத்துவைத்துப் பலாத்காரம் செய்தவர், அவளுக்கு ஒரு குழந்தையும் பிறந்தது. "சாப்பிடுற மேசைக்கு எதிரே அவங்களை வைக்க எனக்கு மனசு வரல" என்றார். இதில் நான் தீர்ப்புச் சொல்லும் இடத்தில் இல்லை. அருங்காட்சியகச் சுவர் வேறு, வீட்டுச் சுவர் வேறு. அங்கே பக்கத்தில் விளக்கக் குறிப்பு இருக்கும், இங்கே தினமும் இட்டிலியோ ரொட்டியோ தின்றுகொண்டு முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கும் இப்படி ஒரு படம் உண்டு: யாகோப் கூமன் 1665இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) வரைந்த, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி வணிகர் பீட்டர் க்னோலின் குடும்பப் படம், பின்னால் அடிமைகள் இருவர் நிற்பார்கள். பழவேற்காட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை டச்சுக்காரர் பத்தாவியாவுக்கு ஏற்றிய நூற்றாண்டு அது. அருமையான ஓவியம்தான், ஆனால் என் வீட்டில் மாட்ட மாட்டேன்.

கடைசியில் ஹார்லெம் நகர ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸுக்கு வந்து சேர்ந்தோம். மௌரிட்ஸ்ஹௌஸில் இருக்கும் யாகோப் ஓலிகன், அலெட்டா ஹானெமன்ஸ் தம்பதி, 1625. ஹார்லெமில் பீர் காய்ச்சும் பெரிய குடும்பம். 1624இல் கல்யாணம், அடுத்த வருடம் படம். மாப்பிள்ளைக்கு 29, பெண்ணுக்கு 19. படத்திலேயே வயதும் வருடமும் எழுதி, மேலே குலச்சின்னமும் போட்டிருக்கிறது. இரண்டுமே ஏறத்தாழ 124க்கு 98 சென்டிமீட்டர், முழங்கால் வரை தெரியும் உருவம், முகம் கிட்டத்தட்ட ஆள் முக அளவு. இரண்டும் பிரேமோடு சேர்ந்து இரண்டரை மீட்டர் சுவரைப் பிடிக்கும், மீதி இரண்டரை மீட்டர் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற சுவரும் தேவைதான்.

இடமும் வெளிச்சமும்

டச்சு உருவப்படங்களில் பெரும்பாலும் வெளிச்சம் நமக்கு இடப்பக்கத்திலிருந்து விழும். ஓவியர் வலது கைக்காரராக இருந்தால், தன் கை நிழல் வேலையில் விழாமல் இருக்க ஜன்னலை இடப்பக்கம் வைத்துக்கொள்வார். அறையின் வெளிச்சமும் அதே பக்கத்திலிருந்து வந்தால் படத்தின் வெளிச்சமும் அறையின் வெளிச்சமும் ஒன்றாகிவிடும். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தால் முகத்தில் ஏதோ இடறும், பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது.

இந்த மாதிரி வரிசை வீடுகளில் ஹாலின் ஒரு கோடியில் தெருப்பக்க ஜன்னல், மறு கோடியில் தோட்டப்பக்க ஜன்னல். இந்த வீட்டில் தோட்டம் தெற்கே, வெளிச்சம் முக்கியமாக அங்கிருந்துதான். சோபா இருந்த சுவரைப் பார்த்து நின்றால் தோட்டம் வலப்பக்கம் வந்தது. எதிர்ச் சுவரில், சாப்பாட்டு மேசை இருந்த பக்கம், தோட்டம் இடப்பக்கம். படத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொன்னேன். அவர்கள் ஆசைப்பட்ட சுவரை விட்டுக்கொடுக்கவைப்பதுதான் இந்த வேலையிலேயே எனக்குக் கடினமாக இருந்தது. கேன்வாஸ் ஓப்யெனைக் கழற்றி, இரண்டு சுவரிலும் மாறி மாறிப் பிடித்துக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார்கள்.

ஜோடிப் படத்துக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு: நாம் பார்க்கும்போது கணவன் இடப்பக்கம், மனைவி வலப்பக்கம். படத்துக்குள் இருப்பவர்கள் நிலையில் பார்த்தால் கணவன் மனைவியின் வலக்கைப் பக்கம் நிற்கிறான், குலச்சின்ன மரபில் மதிப்பான பக்கம் அது. ஓவியர் அதற்கேற்றபடி உடம்பைத் திருப்பியிருப்பார், அவன் வலமாகவும் அவள் இடமாகவும். மாற்றி மாட்டினால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்கள், சண்டை போட்ட தம்பதி மாதிரி. இவர்கள் சோபாவின் மேல் ஓப்யெனை இடப்பக்கம் மாட்டியிருந்தார்கள். மார்ட்டன் நீட்டிய கையுறை அவர்களுடைய புத்தக அலமாரியை நோக்கி இருந்தது.

அச்சு

பழைய கேன்வாஸ்களை மேசையில் போட்டு எங்கே கெட்டது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சட்டத்தைச் சுற்றி இழுத்துக் கட்டுவதற்காக நாலு பக்கமும் மூன்று நான்கு சென்டிமீட்டர் படம் ஓரத்தில் மடிந்து போயிருந்தது. அது போதாதென்று, 50க்கு 70 என்ற விகிதத்தில் எந்தப் படமும் அடங்காததால் தானியங்கியாக வெட்டியிருந்தது. முத்துத் தோட்டுப் பெண்ணின் தலைப்பாகையிலிருந்து பின்னால் தொங்கும் மஞ்சள் துணி, படத்தின் விளிம்பை ஒட்டி நெருக்கமாகிவிட்டது. ஓலிகன் தம்பதிக்கு இதே கதி நேர்ந்தால் கணக்கு இப்படி வரும்: 124.8க்கு 97.5 என்ற படத்தைக் கடைகளில் கிடைக்கும் 120க்கு 90 அளவில் போட்டால், உயரம் 120 ஆகும்போது அகலம் 93.75 இருக்க வேண்டும். நாலு சென்டிமீட்டர் அளவுக்குப் பக்கவாட்டில் வெட்டுவார்கள், பிறகு மடிப்புக்கு இன்னும் கொஞ்சம். இடுப்பில் கை வைத்து முழங்கையைத் தள்ளிக்கொண்டு நிற்கிற ஓலிகனுக்கு முழங்கை போய்விடும்.

கேன்வாஸே வேண்டாம் என்று சொன்னதற்கு வேறு காரணம். அருங்காட்சியகம் எடுத்த படத்தில் அசல் துணியின் நெசவும் வண்ணத்தில் விழுந்த வெடிப்புக் கோடுகளும் ஏற்கெனவே இருக்கின்றன. அதை மறுபடி நெசவு உள்ள துணியில் அச்சிட்டால் இரண்டு நெசவு ஒன்றின் மேல் ஒன்று ஏறி, பக்கத்தில் போனால் கண்ணுக்கு அரிப்பாக இருக்கும். வழுவழுப்பான பருத்திக் காகிதத்தில் அசல் நெசவு மட்டும் தெளிவாகத் தெரியும். துணியில் அச்சடித்தால் அசல் மாதிரி இருக்கும் என்பது விற்பவர்கள் கிளப்பிவிட்ட நம்பிக்கை.

பிக்சல் பற்றி எல்லோரும் தேவைக்கு மேல் கவலைப்படுகிறார்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி இல்லாவிட்டால் பாழ் என்று ஒரு பயம். நல்ல கண் ஒரு மீட்டர் தூரத்தில் 0.3 மில்லிமீட்டர் அளவைத்தான் பிரித்துப் பார்க்கும், அங்குலத்துக்கு 90 புள்ளி என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு 150 தாராளம். அந்தக் கணக்கில் ஓலிகனுக்கு உயரவாக்கில் ஏறத்தாழ 7,400 பிக்சல் போதும்.

கவலைப்பட வேண்டியது கறுப்பைப் பற்றி. வான் கோ 1885இல் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் ஹால்ஸிடம் இருபத்தேழு கறுப்பு இருந்திருக்கும் என்று எழுதினார். ஓலிகன் போட்டிருக்கும் கறுப்புப் பட்டுடையைப் பார்த்தால் அதில் மிகை இல்லை என்று தோன்றும். பூவேலைக் கறுப்பு, மடிப்புக்குள் போகும் கறுப்பு, வெளிச்சம் பட்டுச் சாம்பலாகும் கறுப்பு, பழுப்பு கலந்த கறுப்பு. மலிவான அச்சில் இதெல்லாம் சேர்ந்து ஒரே தார்ப்பூச்சாகிவிடும். அந்தத் தாரின் மேல் வெள்ளைக் காலரும் முகமும் மட்டும் மிதக்கும். திரை தானாக ஒளிர்கிறது, காகிதம் அறை வெளிச்சத்தை வாங்கித் திருப்பித் தருகிறது. ஆகவே திரையில் அழகாக இருக்கிற படம் காகிதத்தில் ஒரு படி இருட்டாகத்தான் வரும். டச்சு உருவப்படத்தில் முக்கால்வாசி இடம் இருட்டு என்பதால் அடி இங்கேதான் பலமாக விழுகிறது.

முழுப் படத்தை அச்சிடும் முன் நீளவாக்கில் சில பட்டைகளை மட்டும் அச்சிட்டோம். ஓலிகனின் மார்பு, அலெட்டாவின் முகமும் மடிப்புக் காலரும், அவள் மார்பில் பொன்னூல் பூவேலை செய்த பட்டை. ஒவ்வொன்றிலும் நிழல் பகுதியை வெவ்வேறு அளவில் தூக்கியிருந்தது, அதாவது வெளிச்சமாக்கியிருந்தது. இரண்டு விதக் காகிதத்தில் போட்டேன், ஒன்று பளபளப்பில்லாத பருத்தித் தாள், மற்றொன்று லேசான பளபளப்புள்ள, பேரியம் பூச்சு கொண்ட பரைட்டா தாள். பரைட்டாவில் கறுப்பு ஆழமாக இறங்கியது, பூவேலை எழுந்து நின்றது. பருத்தித் தாளில் முகம் இன்னும் மென்மையாக இருந்தது, ஆனால் ஓலிகனின் தோள் சாம்பல் பூத்தது. பட்டைகளைச் சுவரில் ஒட்டிவைத்துவிட்டு வந்தேன், காலையிலும் விளக்கு போட்ட பிறகும் பார்க்கச் சொல்லி. டிசம்பரில் இங்கே நாலரை மணிக்கே சூரியன் மறையும். வருடத்தில் பாதி நாள் இந்தப் படங்களை விளக்கொளியில்தான் பார்ப்பார்கள். அவர்கள் ஹால் விளக்கு மஞ்சளானது, அதில் அலெட்டாவின் ஊதாச் சாயல் பாவாடை செங்கல் நிறமாகத் தெரிந்தது. நிறத்தை அச்சில் திருத்தினால் பகலில் கெடும், ஆகவே விளக்கைத்தான் மாற்றினோம். நிறங்களை உண்மையாகக் காட்டும் பல்பு, பெட்டியில் CRI என்ற குறியீடு 90க்கு மேல் போட்டிருக்கும். பரைட்டாவையே எடுத்தார்கள், நிழலைக் கொஞ்சம் தூக்கியது.

பிரேம், கண்ணாடி, உயரம்

பொன் பூசிய, பூ செதுக்கிய பிரேம்தான் பழைய ஓவியத்துக்குப் பொருத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். ஹால்ஸ் காலத்து ஹார்லெம் வீட்டில் பெரும்பாலும் கறுப்பு பிரேம்தான். காசு உள்ளவர்களுக்குக் கருங்காலி, இல்லாதவர்களுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றிய பேரி மரம். கருங்காலிக்காகவே டச்சுக் கம்பெனி மொரீஷியஸ் தீவின் காடுகளை வெட்டியது. அந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்தவர் மீரெவெல்ட் பட்டறை விற்றுத் தள்ளிய அதே இளவரசர் மௌரிட்ஸ். நாங்கள் போட்டது எட்டு சென்டிமீட்டர் அகலத்தில் கறுப்புச் சாயமேற்றிய சாதா மரம், உள்விளிம்பில் மெல்லிய பொன் கோடு.

இரண்டு கோடியிலும் ஜன்னல் உள்ள ஹாலில் சாதாக் கண்ணாடி போட்டால் ஓலிகனின் கறுப்பு உடையில் எதிர்ச் சுவர்ச் சோபா தெரியும். கறுப்பைப் போல நல்ல முகம் பார்க்கும் கண்ணாடி கிடையாது. பிரதிபலிக்காத கண்ணாடிதான் போட வேண்டியிருந்தது. மொத்தச் செலவில் அச்சைவிட, மரத்தைவிட அதற்குத்தான் அதிகம் போனது. வேறு எதில் வேண்டுமானாலும் சிக்கனம் பிடிக்கலாம், இதில் முடியாது.

உயரம். அருங்காட்சியகங்களில் படத்தின் மையம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் என்பது பொதுப் பழக்கம். ஓலிகனின் முகம் படத்தின் மேல் பகுதியில் இருக்கிறது. ஒன்றரை மீட்டரில் மையம் வைத்தால் அவர் கண் ஏறக்குறைய 1.9 மீட்டருக்குப் போய்விடும், சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருப்பவர்களைக் கூரையிலிருந்து மேற்பார்வை பார்ப்பார். 1.4க்கு இறக்கினோம். மேசையைச் சுவரிலிருந்து சற்று இழுத்துப் போட வேண்டியிருந்தது. பெண் படத்தையும் ஆண் படத்தையும் தலைகள் அசலில் எப்படி அமைகின்றனவோ அப்படி வைத்தோம். இரண்டின் அளவிலும் ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் உண்டு, அதைப் பிரேமுக்குள் சமாளித்துக்கொண்டேன்.

இப்போது

மாட்டி முடித்ததும் வந்த முதல் விமர்சனம் பெரிய பிள்ளையுடையது: ஆள் சாப்பாட்டைப் பார்க்கிறார். ஆள் உயர முகம் சுவரில் இருந்தால் வீட்டில் ஒருவர் கூடிவிட்ட மாதிரிதான் சில நாள் இருக்கும், பிறகு பழகிவிடும். சோபாவின் மேல் இருந்த நான்கு ஆணியையும் பிடுங்கிச் சுவரைப் பூசினார்கள். முத்துத் தோட்டுப் பெண்ணை மட்டும் அசல் அளவில், அதாவது முன்பைவிடச் சின்னதாக அச்சிட்டு, மாடிப்படியின் கீழே குறுகிய இடத்தில் வைத்தோம். கிட்டத்தில் போய்த்தான் பார்க்க முடியும், அந்தப் படத்துக்கு அதுதான் சரி.

இன்னும் சின்னதாக ஒன்று வேண்டும் என்று கணவர் கேட்டதால், ரெம்பிராண்ட் தன் இருபதுகளின் தொடக்கத்தில் வரைந்துகொண்ட சுய உருவப்படத்தைக் காட்டினேன், 1628 வாக்கில். 22.6க்கு 18.7 சென்டிமீட்டர்தான். கண் இரண்டும் நிழலுக்குள், கன்னத்திலும் காது மடலிலும் வெளிச்சம். சுருள் முடியை ஈர வண்ணத்தில் தூரிகையின் பின்முனையால் கீறி வரைந்திருப்பார். அதற்கு மட்டும் 300 புள்ளியில் அச்சிட்டேன், மூக்கை வைத்துக்கொண்டு பார்க்கிற படம் என்பதால். டச்சு வீடுகளில் கழிப்பறைச் சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி தொங்குவது ஊரறிந்த வழக்கம். அதன் பக்கத்தில் ரெம்பிராண்ட் வந்துவிட்டார். டிபிட்ஸ் சொன்னதற்கு இவர்கள் நெருங்கி வந்துவிட்டார்கள் என்று சிரித்துக்கொண்டோம். ஈரப்பதத்தில் தாள் நெளியும் என்று எச்சரித்திருக்கிறேன். பின்பக்கம் நன்றாக ஒட்டி அடைத்துக் கொடுத்தேன். கெட்டால் மறுபடி அச்சிட்டுக்கொள்ளலாம், நகலில் அந்த நிம்மதி உண்டு.

வெர்ஸ்ப்ரோங்கின் நீல உடைச் சிறுமிக்கு இன்னும் இடம் முடிவாகவில்லை. மாடி முகப்பில் 82க்கு 66.5 தாராளமாக அடங்கும், ஆனால் அங்கே வெளிச்சம் மேலிருந்து கூரை ஜன்னல் வழியாக வருகிறது. வெயில் நேராக விழும் இடம் என்பதால் மை வெளுக்கும் அபாயமும் உண்டு. அந்த நீலம் வேறு அச்சில் எளிதாகச் சாம்பலுக்கோ பச்சைக்கோ சாயும். இரண்டு பட்டை அச்சிட்டுக் கொடுத்திருக்கிறேன், கோடை முழுக்க அங்கே ஒட்டியிருக்கட்டும் என்று.